பேரனுக்கு 18 வயது நிறையுமுன்

‘நமக்குப் பின் இவனுக்கு யார்?’ ஆட்டிசம் உள்ள பேரனைக் காணும் முதியோர் உள்ளத்தில் இவ்வினா ஓயாது. விடையின் முதற்பகுதி இல்லத்திலேயே உள்ளது. பூத்தொடுத்தல், துணி மடித்தல் போன்ற ஒரு பணியைச் சிறு படிகளாகப் பிரித்து, படங்களாக வரைந்து சுவரில் ஒட்டி, நாள்தோறும் ஒரே நேரத்தில் பழக்குங்கள். அவன் தாமதிக்கும்போது பரிவினால் நாமே முடித்துவிடுகிறோமே, அதுவே பெருந்தடை. பாட்டிமாருக்கு இது கடினந்தான்!

அரசுப் பணிகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவினருக்கு 1 சதவீத இடஒதுக்கீட்டை 2016ஆம் ஆண்டுச் சட்டம் அளித்துள்ளது. பலரும் அறியாதது மற்றொன்று: 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் சட்டப்படியான காப்பாளர் உரிமை நீங்கிவிடும். தேவையெனில், 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பெற்றோரோ உறவினரோ மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமிக்கச் செய்யலாம். விண்ணப்பிக்குமுன் அவனது விருப்பத்தையும் கேட்டறியுங்கள்.