வொர்க்கர் வேறு, எம்ப்ளாயி வேறு

ஆங்கில வகுப்புகளில் டாக்டர், டீச்சர், டிரைவர் என்று தொழில்களின் பெயரை ஒப்பிக்கிறோம். வேலையின் வகையைக் குறிக்கும் சொற்களை அவற்றுக்கும் முன்னால் கற்றுத்தர வேண்டும். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் 'எம்ப்ளாயி' வேறு, 'வொர்க்கர்' வேறு. எம்ப்ளாயியை நியாயமின்றி நீக்கினால், உரிய தகுதிக்காலம் முடிந்திருந்தால், அவர் வழக்குப் போடலாம். ஆட்குறைப்பு இழப்பீடும் கேட்கலாம். வெறும் வொர்க்கருக்கு இந்த இரண்டும் இல்லை. குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. உண்மையிலேயே 'செல்ஃப் எம்ப்ளாய்டு' என்றால் அந்தக் கூலி உத்தரவாதமும் விடுப்பும்கூடக் கிடையாது.

ஒப்பந்தத் தாளில் எந்தச் சொல் இருந்தால் என்ன, நீதிமன்றம் உண்மை நிலையைத்தானே பார்க்கும் என்று கேட்கலாம். பார்க்கத்தான் செய்தது. ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் என்ற நிறுவனத்தின் வாதத்தை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டணத்தை நிறுவனமே நிர்ணயிக்கிறது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, அவர்கள் வொர்க்கர்கள்தான் என்றது. ஆனால் இதே வழக்கில் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் 2016இல் சொன்னது உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது 2021 பிப்ரவரியில். அத்தனை ஆண்டுகள் வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்? சொல்லின் பொருள் தெரிந்தவர் கையெழுத்துப் போடும் முன்பே கேள்வி கேட்டுவிடலாம்.