கரிச்சுரங்கத்தில் ஒரு காட்டின் மகரந்தம்

கொலம்பியாவின் வடகோடியில், லா குவாஹிரா பகுதியில் செரெஹோன் என்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. முள்ளும் கள்ளியுமாக வறண்டு கிடக்கும் நிலம். 2009-இல் டைட்டனோபோவா என்ற ராட்சதப் பாம்பை உலகுக்குக் காட்டியது இந்தச் சுரங்கம்தான். சுமார் 13 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை. பாம்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அது வாழ்ந்த காடு அதைவிடப் பெரிய அதிசயம் என்பேன். ஏறத்தாழ 5.8 கோடி முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆறுகளும் ஏரிகளும் சதுப்புகளும் நிறைந்த பரந்த வெள்ளச் சமவெளி இருந்தது. அதில் என்னென்ன செடிகொடிகள் வளர்ந்தன என்பதை அறிய உதவும் முக்கியமான சாட்சி மகரந்தத் தூள்.

மகரந்தத் துகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் சீக்கிரமே அழிந்துபோகும். வெளித்தோடு அப்படியல்ல. ஸ்போரோபொலெனின் என்ற பொருளாலான அது அமிலத்துக்கும் அசையாது. அதற்கு எதிரி காற்றிலுள்ள ஆக்சிஜன்தான். அதனால் வெள்ளச் சமவெளியில் எந்த இடத்துப் பாறையை எடுக்கிறோம் என்பது முக்கியம். ஆற்றோட்டம் மணலை விட்டுவிட்டு மகரந்தத்தை வண்டலோடு அடித்துச் சென்றுவிடும். நனைந்தும் காய்ந்தும் சிவந்துபோன மண்ணில் தோடு சிதைந்துவிடும். கரைக்கு அப்பால், நீர் தேங்கிக் காற்றுப் புகாமல் கறுத்த சேற்றில்தான் துகள்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கியிருக்கும்.

அந்தச் சேறு இறுகிய களிப்பாறையை ஆய்வகத்தில் நொறுக்குகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். அடுத்து வரும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மணலையும் களிமண்ணையும் கரைக்கும். அது கண்ணாடியையே அரித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரம்தான் வேண்டும். கை தவறினால் உயிருக்கே ஆபத்தான வேலை. நிலக்கரியாக இருந்தால் நைட்ரிக் அமிலமும், பிறகு காரமும் கொண்டு கறுப்பைக் கழுவி எடுக்க வேண்டும். பாறை முழுவதும் கரைந்தபின் மிஞ்சுவதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் அடியில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஒரு மாதிரிக்குச் சில நூறு துகள்கள் எண்ணுவது வழக்கம்.

துகளின் உருவத்தில் ஒவ்வொரு தாவரக் குடும்பத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. நீப்பா என்ற சதுப்புநிலப் பனையை எடுத்துக்கொள்வோம். அதன் துகள் மேலெல்லாம் கூர்முள். இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தோடு பிளந்து, திறந்த சிப்பிபோல இரண்டு பாதிகளாகக் கிடக்கும். பழக்கப்பட்ட கண்ணுக்கு ஒரு பாதியே போதும். நீப்பா இன்று இயற்கையாக வளர்வது சுந்தரவனம், இலங்கை முதல் மேற்குப் பசிபிக் தீவுகள் வரையுள்ள கழிமுகங்களில்தான். ஆனால் அதன் பழமே செரெஹோன் பாறையில் கிடைத்திருக்கிறது!

ஆனாலும் துகளை எண்ணினால் மரத்தை எண்ணியதாகிவிடாது. காற்றை நம்பும் செடி மகரந்தத்தை வாரி இறைக்கும். பூச்சியை நம்பும் செடி சிக்கனமாக இருக்கும். வெப்பமண்டலக் காட்டில் பூச்சியை நம்புபவையே மிகுதி. போதாததற்கு வெள்ளம் எங்கோ மேட்டுநிலத்து மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். லவங்கப்பட்டைக் குடும்பத்தின் நிலைமை இன்னும் மோசம். அதன் துகளின் தோடு மிக மெல்லியது, புதைந்தால் பெரும்பாலும் மிஞ்சாது. மகரந்தத்தை மட்டும் பார்த்தால், அந்த மரங்கள் காட்டில் இல்லவே இல்லை என்று எழுதிவிட நேரும். செரெஹோனில் காப்பாற்றியது இலைகள். சுரங்கத்தின் களிப்பாறையில் அந்தக் குடும்பத்தின் இலைகளும், அவரைக் குடும்பம், சேம்புக் குடும்பம், பனைகளின் இலைகளும் நரம்பு தெரியப் பதிந்திருக்கின்றன. இலை அதிக தூரம் போகாது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதையும். ஆகவே இலை அந்த இடத்துக் காட்டைச் சொல்கிறது, மகரந்தம் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பி வரையும் காடு அரைகுறைக் காடுதான்.

பனாமாவிலுள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் கார்லோஸ் ஹராமியோ, மோனிகா கார்வாலோ முதலியோர் இவ்விரண்டு சாட்சிகளையும் கொலம்பியா முழுவதும் திரட்டினார்கள். 50,000-க்கும் மேற்பட்ட மகரந்தப் பதிவுகள், 6,000-க்கும் மேற்பட்ட இலைகள். முடிவு 2021-இல் வெளியானது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது அங்கிருந்த தாவர வகைகளில் 45 சதவீதம் அழிந்தன. பழைய வளத்தை எட்ட ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. திரும்பி வந்ததும் பழைய காடு அல்ல. விண்கல்லுக்கு முன் ஊசியிலை மரங்களும் பெரணிகளும் பூக்கும் தாவரங்களும் கலந்து, இடைவெளி விட்டு நின்றன. ஒளி தரைவரை இறங்கியது. செரெஹோன் காலத்தில் பூக்கும் தாவரங்களே ஆட்சி செய்தன. உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று நெருங்கி வெயிலை மறைத்தன. மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும் அவரைக் குடும்ப மரங்கள் பெருகின. வகைகளின் எண்ணிக்கையில் இன்றைய அமேசானுக்கு அது ஈடாகாது. ஆனால் மரங்கள் நின்ற விதமும் முன்னணிக் குடும்பங்களும் பெரும்பாலும் இன்றைக்கு அமேசானில் காண்பவையே.