லட்சம் முறை சுட்ட துப்பாக்கிக்கு என்ன விலை?

அமெரிக்கச் சிற்றூர்களில் இருக்கும் துப்பாக்கிக் கடைகளில் பழைய சரக்குக்கென்று தனி அலமாரி உண்டு. அதில் இரண்டு செமி-ஆட்டோமேட்டிக் ஷாட்கன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் கட்டை முழுக்கக் கீறல். குழலில் ஆங்காங்கே நீலப்பூச்சு போய் வெறும் இரும்பு தெரிகிறது. மற்றொன்றில் நகக்கீறல்கூட இல்லை, எண்ணெய் துடைத்த மினுமினுப்பு. புதிதாக வாங்க வருகிறவர் கை தானாக இரண்டாவதன் பக்கம் போகும்.

ஆனால் முதலாவது ஒரு வாத்து வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். சேறும் மழையும் படகு விளிம்பும் சேர்ந்து அதன் மேனியைக் கெடுத்திருக்கும். அது சுட்டது என்னவோ ஒரு பருவத்துக்கு நூறு, இருநூறு தோட்டாதான். இரண்டாவது, களிமண் தட்டு சுடும் பந்தயக்காரருடையது. மெத்தை தைத்த பெட்டியில் மைதானத்துக்குப் போகும், அதே பெட்டியில் வீடு திரும்பும், வாரா வாரம் சுடும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. வாரத்துக்கு எட்டுச் சுற்று சுடுகிற ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் தோட்டா ஆகிவிடும். பத்தே ஆண்டில் லட்சம். பழைய கார் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டரைப் பார்க்கலாம். துப்பாக்கியில் அப்படி ஒரு மீட்டர் கிடையாது. பந்தயத் துப்பாக்கியின் வயதை அதன் உள்ளே இருக்கும் இரும்பிலும் ரப்பரிலும்தான் படித்தாக வேண்டும்.

தட்டு சுடும் பந்தயம் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டது ‘டிராப்’ என்ற இந்தப் பந்தயத்தில்தான். சுடுகிறவருக்கு முன்னால் தரைக்குள் இருக்கும் எந்திரம் தட்டை வீசும். பறக்கும் தட்டை உடைக்க வேண்டும். பெயர்தான் களிமண் தட்டு. சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற பிசினையும் சேர்த்து வார்த்தது அது. ஒலிம்பிக் மட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல் அமைந்த துப்பாக்கிகளே ஏறக்குறைய எல்லோர் கையிலும். அமெரிக்க ஊர்க் கிளப்புகளின் கதை வேறு. ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளி அணியில் சுடும் பதினான்கு வயதுச் சிறுமி, தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட விவசாயி — இவர்களெல்லாம் தேடிப் போவது செமி-ஆட்டோமேட்டிக்கை. காரணம் உதைப்பு குறைவு என்பதுதான்.

அந்த மென்மைக்குப் பேர் போனது ரெமிங்டன் 1100. 1963-ல் வெளிவந்தது, இதுவரை 40 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. குழலின் அடிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும். தோட்டா வெடித்ததும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாகக் கசிந்து, கீழே உள்ள தோட்டாக் குழாயின்மேல் வளையமாகச் சுற்றி நிற்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பிஸ்டன் தள்ள, காலித் தோட்டா வெளியே தெறிக்கும். பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங் போல்ட்டை மறுபடி முன்னுக்கு அனுப்பும். இத்தனை வேலையும் நடக்கிற இடைவெளியில் உதைப்பின் வேகம் கொஞ்சம் பரவிவிடுவதால் தோளுக்கு அது அடியாக இல்லாமல் தள்ளலாக வந்து சேர்கிறது. 1978-ல் இதன் 20 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) வகை ஒன்று, துடைக்காமலும் பாகம் உடையாமலும் 24,000 தோட்டாவுக்கு மேல் சுட்டுச் சாதனை படைத்தது.

உதைப்பை விழுங்குகிற அந்த அமைப்பேதான் முதலில் தேய்வதும். எனவே பழைய 1100-ஐப் பார்க்கத் தெரிந்தவர் குழலையோ கட்டையின் வரியழகையோ முதலில் பார்க்க மாட்டார். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முன்னால் இருக்கும் மூடியைத் திருகி முன்கட்டையைக் கழற்றுவார். கழற்றக் கூடாது என்று சொல்லும் கடையில் வாங்காமல் வருவது நல்லது.

கழற்றிய முன்கட்டையின் உட்புறத்தில் முதல் சாட்சி கிடைத்துவிடும். 1100-ன் முன்கட்டை மெல்லிய மரம். விரிசல் விடுவது அதன் பிறவிக் குணம். வெளியே வார்னிஷ் மினுங்கும், உள்ளே மயிரிழை போல ஒரு கோடு நீளவாக்கில் ஓடும். சிலர் பசையும் கண்ணாடி இழையும் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒழுங்காக ஒட்டியிருந்தால் அதில் தவறில்லை, விலையில் மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஓ-ரிங். பிஸ்டனுக்கு முன்னால், வாயு கசியாமல் அடைத்து நிற்கும் சின்ன ரப்பர் வளையம். அது காய்ந்து வெடித்திருந்தாலோ காணாமலே போயிருந்தாலோ துப்பாக்கி ஒரு தோட்டா சுட்டு நின்றுவிடும். சில டாலர் விலைதான். 1100 வைத்திருக்கும் ஆட்கள் சட்டைப் பையிலேயே இரண்டு வைத்திருப்பார்கள். ‘இது சரியாக வேலை செய்யாது, அதனால் மலிவாகத் தருகிறேன்’ என்று விற்கப்படும் 1100-களில் பலவற்றுக்கு நோயே இதுதான் என்பது துப்பாக்கி பழுது பார்ப்பவர்களிடையே நெடுநாள் வேடிக்கை. பிஸ்டனும் அதன் வளையமும் கரி பிடித்திருப்பது குற்றமில்லை. அவை ஓடுகிற தோட்டாக் குழாயின் வெளிப்பக்கம் துருவில் குழி விழுந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். குழாயை மாற்றுவது ஓ-ரிங் மாற்றுவது மாதிரி இல்லை.

வாயுத் துளைகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். லேசான தோட்டாவிலும் துப்பாக்கி ஓட வேண்டும் என்று சில பந்தயக்காரர்கள் அந்தத் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கியிருப்பார்கள். அதன் பிறகு கொஞ்சம் வலுவான தோட்டா போட்டாலும் போல்ட் தேவைக்கு மேல் வேகமாகப் பின்னால் போய் மோதும். ரிசீவர் எனப்படும் நடுப்பெட்டியின் பின்சுவரில் இந்த மோதலைத் தாங்க ஒரு சிறு நார்த் தகடு பதித்திருக்கும். விசைத் தொகுதியை இரண்டு ஆணி தட்டி இறக்கிவிட்டு டார்ச் அடித்தால் தெரியும். தகடு நசுங்கிப் போயிருந்தால், பிய்ந்து விழுந்திருந்தால், இரும்போடு இரும்பு எத்தனை நாள் மோதியதோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். நடுப்பெட்டியில், குறிப்பாகக் காலித் தோட்டா வெளியேறும் சாளரத்தின் மூலைகளில், விரிசல் இருந்தால் பேச்சே வேண்டாம். மற்ற எதையும் மாற்றலாம். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது நம்பர் பொறித்த அந்தப் பெட்டிதான்.

பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. மழையில் சுட்ட ஈரமும், ஊற்றிய எண்ணெயும் இறங்கித் தங்குவது அங்கேதான். துரு ஏறிய ஸ்பிரிங் கையால் போல்ட்டை இழுக்கும்போதே ‘கரகர’ என்று சொல்லிவிடும். இதே பலவீனம் இத்தாலிய பெரெட்டாவின் 390, 391 வகைகளுக்கும் உண்டு. அவற்றுக்கும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள்தான்.

விசை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. நீண்ட நாள் சுட்டவர்களுக்கு, சுடும் கணத்தில் உடம்பு தானாகத் துள்ளும் ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். அதற்கு மருந்தாக அமெரிக்க டிராப் உலகம் கண்டுபிடித்தது ‘ரிலீஸ் டிரிகர்’. அழுத்தும்போது சும்மா இருக்கும். விரலை விடும்போது சுடும்! விவரம் தெரியாமல் ஒருவர் அழுத்திவிட்டு, சுடவில்லையே என்று விரலை எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட துப்பாக்கியின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். பல கை மாறிய துப்பாக்கியில் அந்தச் சீட்டு உரிந்திருக்கலாம். எனவே வெற்றுத் துப்பாக்கியில், அனுமதி கேட்டு, விசையைச் சோதிக்காமல் பந்தயத் துப்பாக்கி எதையும் வாங்கக் கூடாது. சேஃப்டி போட்டுவிட்டு அழுத்திப் பார்ப்பது, அழுத்திய விரலை எடுக்காமலே போல்ட்டை இழுத்து விட்டுச் சுத்தியல் விழுகிறதா என்று கவனிப்பது — இவையும் அந்தச் சோதனையில் அடக்கம். விசையை மென்மையாக்குகிறேன் என்று வீட்டில் அரம் போட்ட துப்பாக்கி ஒரே அழுத்தலில் இரண்டு தோட்டாவைச் சுட்டுவிடும்.

குழலைப் பற்றி வாங்குகிறவர்கள் படும் கவலை பெரும்பாலும் வீண். ஈய உருண்டைகள் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து போவதால் லட்சம் தோட்டாவுக்குப் பிறகும் குழலின் உட்பக்கம் தேய்வதில்லை. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்கும்போது வளையம் போல ஒரு நிழல் தெரிகிறதா என்பதே கேள்வி. தெரிந்தால், எப்போதோ ஓர் அடைப்பின்மேல் சுட்டு அந்த இடம் வீங்கியிருக்கிறது. 12 கேஜ் குழலுக்குள் தவறிப் போட்ட, அதைவிடச் சிறிய 20 கேஜ் தோட்டா நழுவிப் பாதியில் சிக்கிக்கொள்ளும். பின்னாலேயே 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அமெரிக்காவில் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். குழலின் மேல் ஓடும் பட்டை எங்காவது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய ஆட்களிடம் ஒரு முறை உண்டு: குழலைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுவார்கள். நல்ல குழல் கணீர் என்று ஒலிக்கும்.

ரெமிங்டன் குழலின் இடப்பக்கம் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்துகள் இன்னொரு விவரம் தரும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. பன்னிரண்டு மாதத்துக்கும் ‘பிளாக்பவுடர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பதினோரு எழுத்தும் கடைசியில் ஓர் எக்ஸும் என்று வைத்துக்கொண்டார்கள். ஜனவரிக்கு பி, டிசம்பருக்கு எக்ஸ். ஆனால் அது குழலின் பிறந்த நாள்தான். 1100-ன் குழலை ஒரே நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால் துப்பாக்கியும் குழலும் வெவ்வேறு தலைமுறையாக இருப்பது சர்வசாதாரணம்.

இனி விலை. அமெரிக்கச் சந்தையில் நிலையை அளக்க தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த படிகள் உண்டு. ‘புளூ புக்’ என்ற விலைப் புத்தகம் எஞ்சியிருக்கும் மேற்பூச்சைச் சதவீதத்தில் வைத்து மதிப்புப் போடுகிறது. 98 சதவீதப் பூச்சு, 90 சதவீதப் பூச்சு என்று இறங்க இறங்க விலையும் இறங்கும். சேகரிப்பாளர்களுக்கு இது பொருத்தம். சுடுவதற்காக வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு பாதி உண்மைதான். பூச்சு போகாத துப்பாக்கிக்குள் பிய்ந்த நார்த் தகடு இருக்கலாம். புத்தகம் அதைக் கேட்பதில்லை. பூச்சையே புதிதாக ஏற்றியிருக்கவும் கூடும். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, ஆணித் துளையின் விளிம்பு குழைந்து காணப்பட்டால் சாணை பிடித்து மறுபூச்சு ஏற்றியதென்று கொள்ளலாம்.

பந்தயக்காரர்கள் தங்கள் உடம்புக்கு ஏற்றபடி துப்பாக்கியை அறுப்பவர்கள் என்பதும் விலையில் புகுந்து குழப்பும். பின்கட்டையின் நீளத்தைக் குறைத்திருப்பார்கள், கன்னம் படும் இடத்தை ஏற்றி இறக்கும் வகையில் வெட்டியிருப்பார்கள், குழலின் முனையருகே வாயு போகத் துளை போட்டிருப்பார்கள். செய்தவர் அதற்கு நூற்றுக்கணக்கான டாலர் செலவழித்திருப்பார். அந்தச் செலவு திரும்பி வராது, வாங்குகிறவரின் தோளுக்கும் கழுத்துக்கும் அது தற்செயலாகப் பொருந்தினால் ஒழிய. நடுப்பெட்டியின் சாளரத்தருகே செவ்வகமாக ஒரு தேய்மானத் தடம் இருந்தால் அங்கே காலித் தோட்டா பிடிக்கும் கருவி பொருத்தியிருந்தது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்காமல் இருக்கவும், காலிகளைச் சேர்த்து மீண்டும் நிரப்பவும் அதை மாட்டுவார்கள். விற்பவர் ‘அதிகம் சுடவில்லை’ என்று சொல்லும்போது அந்தத் தடம் வேறு கதை சொல்லும்.

கேஜும் கணக்கில் வரும். ஸ்கீட் என்ற பந்தயத்தை அமெரிக்கர்கள் 12, 20, 28, 410 என நான்கு அளவிலும் சுடுகிறார்கள். குறைவாகச் செய்யப்பட்ட 28-ம் 410-ம் ஒரே நிலையில் இருக்கும் 12-ஐவிட அதிக விலை போகும்.

உதிரிப்பாகம் கிடைப்பது விலையை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு வின்செஸ்டர் சூப்பர்-எக்ஸ் மாடல் 1 நல்ல உதாரணம். 1974-ல் வந்தது, உருக்கைக் கடைந்து செய்த உறுதியான உடம்பு, டிராப் சுடுகிறவர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். செய்யச் செலவு தாங்கவில்லை, 1981-ல் நிறுத்திவிட்டார்கள். இன்று அதன் முன்கட்டை பிளந்தாலோ பிஸ்டன் உடைந்தாலோ மாற்றுக்கு அலைய வேண்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ளதற்குக் கிராக்கி, பழுதானதைச் சீந்த ஆளில்லை. ரெமிங்டனின் கதை நேர் எதிர். அந்தக் கம்பெனி 2018-லும் 2020-லும் திவாலானது. 1816 முதல் பாரம்பரியம் பேசிய நியூயார்க் மாநிலத்து இலியன் தொழிற்சாலை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனாலும் லட்சக்கணக்கில் ஊரெங்கும் இருக்கும் துப்பாக்கி என்பதால் 1100-க்கு ஓ-ரிங்கும் ஸ்பிரிங்கும் வேறு கம்பெனிகள் செய்து விற்கின்றன. 1526-லிருந்து கணக்கு வைத்திருக்கும் பெரெட்டா இன்னும் அதே வட இத்தாலியப் பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருப்பது பழைய 391-களின் விலை சரியாமல் பிடித்து நிறுத்துகிறது.

பேரம் பேசும் இடமாகப் பேர் பெற்றது ‘கிராண்ட் அமெரிக்கன்’ பந்தயத் திருவிழா. அமெச்சூர் டிராப்ஷூட்டிங் அசோசியேஷன் இதை ஒகாயோவின் வண்டாலியாவில் பல பத்தாண்டுகள் நடத்தியது; 2006 முதல் இல்லினாய் மாநில ஸ்பார்ட்டாவில் நடத்துகிறது. மைதானத்தின் ஓரத்தில் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே வாங்குகிறவருக்குக் கடைகளில் கிடைக்காத ஒரு வசதி உண்டு, பக்கத்திலேயே சுட்டுப் பார்க்கலாம். 25 லேசான தோட்டா கொண்ட ஒரு பெட்டி போதும். காலித் தோட்டாக்கள் எங்கே விழுகின்றன என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஏறத்தாழ ஒரே இடத்தில் குவிந்தால் சரி. காலடியிலேயே சொத்தென்று விழுந்தால் எங்கோ வாயு கசிகிறது. வெகு தூரம் பறந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், துளையைப் பெரிதாக்கியும் இருக்கலாம். முதல் இரண்டு குறைகளுக்கும் மருந்து மலிவு என்பதைக் காட்டிக்கொள்ளாமல் விலையைக் குறைத்துக் கேட்பது வாங்குகிறவர் சாமர்த்தியம். மூன்றாவதற்கு வேறு குழல்தான் வாங்க வேண்டும், அதன் விலையை முழுதாகவே கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.