நின்ற இடத்திலேயே வெல்லும் உயிர்கள்

பகை வந்தால் மான் ஓடுகிறது. பறவை பறந்து செல்கிறது. ஆமை தன் ஓட்டுக்குள் ஒடுங்குகிறது. மரமும் செடியும் என்ன செய்யும்? வேரூன்றிய இடத்தைவிட்டு ஓரடியும் அவற்றால் நகர இயலாது. வெயில், மழை, பூச்சி, புழு, மேயவரும் ஆடு மாடு ஆகிய அனைத்தையும் நின்ற இடத்திலேயே அவை எதிர்கொள்ள வேண்டும். அதனாலேயே வியத்தகு ஆற்றல்கள் பலவற்றை அவை பெற்றுள்ளன. அவற்றுள் சிலவற்றை இங்கு நாம் காண்போம்.

முதலில் பள்ளித் திடலின் ஓரத்தைப் பார்ப்போம். அங்கே தொட்டாற்சிணுங்கி படர்ந்திருக்கும். விரல் பட்டவுடன் அதன் இலைகள் மூடிக்கொள்கின்றன. இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணறைகள் நீரால் நிறைந்திருக்கும் வரை இலை விரிந்து நிற்கும். தொட்டவுடன் ஒரு பக்கத்து அறைகளிலிருந்து நீர் வெளியேறுகிறது, இலை துவள்கிறது. பசுமையாக விரிந்திருந்த இலை வாடியதுபோல் ஆகிவிட, தண்டிலுள்ள முட்களும் வெளியே தெரிகின்றன. சிறிது நேரத்தில் நீர் திரும்பவும் ஊற, இலை மீண்டும் விரிகிறது. புல்லையும் மரத்தையும் தொடு உணர்வுடைய ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியர் அன்றே வகுத்தமை இங்கு எண்ணத்தக்கது.

அடுத்து, சத்தற்ற மண்ணில் வாழும் குடுவைச் செடியைக் காண்போம். மலாய் மொழியில் இதனைப் 'பெரியூக் கெரா', அதாவது குரங்குப் பானை என்பர். மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பெறுவதற்காக, இதன் இலை நுனி ஒரு குடுவையாக வளர்கிறது. வழுக்கும் விளிம்பிலிருந்து உள்ளே விழும் எறும்பும் ஈயும் அங்குள்ள நீரில் செரிக்கப்படுகின்றன. சபாவின் கினபாலு மலைப்பகுதியில் வளரும் ஒருவகைச் செடியின் குடுவை 2 லிட்டருக்கு மேலும் நீர் கொள்ளும். அணிலைப் போன்ற மர மூஞ்சூறு அதன் மூடியில் சுரக்கும் இனிய நீரை நக்க வருகிறது. வந்த இடத்தில் குடுவைக்குள்ளேயே எச்சமிட்டுச் செல்கிறது. அந்த எச்சமே செடிக்கு உரமாகிறது!

இவற்றையெல்லாம் கண்டு வியக்கும் நாம், நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நாள்தோறும் தொட்டுழைத்த பால்மரத்தை மறந்துவிடுகிறோம். ரப்பர்ப் பால் மரத்தின் உணவு என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அது மரத்தின் காவல். பட்டையைத் துளைக்கும் பூச்சியின் வாயில் அப்பால் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் உறைந்து காயத்தை மூடிவிடுகிறது. மரம் தன் புண்ணுக்குத் தானே இடும் கட்டுத்தான் நம் குடும்பங்களுக்குச் சோறிட்ட பால்.

பிரேசில் நாட்டுக் காடுகளே இம்மரத்தின் பிறப்பிடம். 1877ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிரேசிலில் சிறு கோடரியால் பட்டையைக் கொத்திப் பால் எடுத்து வந்தனர். அதனால் மரம் புண்பட்டது. 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், வெட்டிய வாயையே மீண்டும் மெல்லியதாகச் சீவினால் பால் பெருகும் என்பதையும், சீவிய பட்டை மறுபடியும் வளரும் என்பதையும் ஆய்ந்து காட்டினார்.

எனினும், ஆய்வு கூறியதை நாள்தோறும் செய்து காட்டியவை தொழிலாளர்தம் கைகளே. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் நெருங்கியுள்ளன. அவற்றை அடுத்து, புதுப்பட்டையை உண்டாக்கும் மெல்லிய வளர்படை இருக்கிறது. அதற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அருகில் கத்தி செல்ல வேண்டும். ஆனால் அதனைத் தொடலாகாது. தொட்டால் புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். பால்குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து அமைய வேண்டும். அப்போதுதான் மிகுதியான குழாய்கள் திறக்கும். கதிரவன் எழுந்தபின் இலைகள் நீரை இழக்க, குழாய்களின் அழுத்தம் குறைந்துவிடும். விடியுமுன்னே தலையில் விளக்குடன் நம்மவர் நிரைக்குச் சென்றது இதனால்தான்.

இன்று பல தோட்டங்களில் பால்மரங்கள் நீங்கி, செம்பனை நிற்கிறது. பால்வெட்டிய கைகளும் முதுமை அடைந்து வருகின்றன. ஏட்டில் நாம் படிக்கும் தாவரவியலை இருட்டில் விரல்நுனியால் அறிந்தவர்கள் அவர்கள். மாணவச் செல்வங்களே! இன்று மாலை உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, 'எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?' என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடையை ஏட்டில் எழுதி வையுங்கள். அதுவும் நம் அறிவுச் செல்வமே.