கார்ட்டூன் பார்த்த குழந்தைகளுக்கு வலிப்பு... ஜப்பானில் நடந்தது என்ன?

1997 டிசம்பர் 16, மாலை. ஜப்பானில் டிவியில் போக்கிமான் கார்ட்டூன். ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. அன்று 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலும் குழந்தைகள்!

ஏன் இப்படி?

கண்ணில் விழும் ஒளி, மின் சமிக்ஞையாக மூளைக்குப் போகிறது. வெளிச்சம் வேகமாக விட்டு விட்டு அடித்தால், சிலரது மூளையில் ஏராளமான நரம்பு செல்கள் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டு வலிப்பு வந்துவிடும். எல்லோருக்கும் வராது. சிறுவர்கள், டீன் ஏஜ் வயதினருக்கே வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யணும்?

இருட்டில் பார்க்காமல் லைட்டைப் போட்டுட்டு, திரையிலிருந்து தள்ளி உட்காருங்க. மின்னும் காட்சி தொந்தரவு தந்தால், கண்ணை மூடினால் மட்டும் போதாது. இமை வழியாகவும் வெளிச்சம் போகும். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுசா மறைத்து, முகத்தைத் திருப்பிக்கோங்க. வலிப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.