கம்மங்கூழும் குடல்நலமும்

கம்மங்கூழ் என்பது கம்பு மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சும் உணவாகும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்தில் இது கோடைக்கால உணவாகும்.

கம்பு மாவை நீரில் கரைத்து ஓர் இரவு வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி மாவு புளிக்கிறது. இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. ஆனால், கூழ் கொதிக்கும்போது அந்த பாக்டீரியாக்கள் இறந்துவிடும். அதனால்தான் மறுநாள் மோர் ஊற்றிக் கரைப்பது முக்கியமாகிறது. வீட்டு மோரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் உள்ளன. மோர் சேர்த்த பின் கூழைச் சூடாக்கக் கூடாது.

கம்பிலும், கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்திலும் உள்ள நார்ப்பொருள்கள் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன, மலச்சிக்கலும் குறைகிறது.

காய்ச்சி ஆறிய நீரில் கரைப்பது பாதுகாப்பானது. பூஞ்சை படர்ந்தாலோ, கெட்ட வாடை வீசினாலோ கூழைக் கொட்டிவிட வேண்டும்.