மங்கிய டைல்ஸ் தரைக்குப் பூந்திக்கொட்டை போதும்

நிலத்தில் ரசாயனத்தை நிறுத்திய பல குடும்பங்களில் வீட்டுத் தரைக்கு மட்டும் இன்னும் பினாயிலும் ஆசிட்டும்தான் ஓடுகிறது. துடைத்த தண்ணீர் எங்கே போகிறது? கொல்லையில் இருக்கிற வாழைக்கும் கீரைப் பாத்திக்கும்தான். மண்புழுவைக் காப்பாற்ற நினைப்பவர்கள் வீட்டுத் தரையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எங்கள் ஆரணி பட்டுத் தறிக்கும் அரிசி ஆலைக்கும் பேர்போன ஊர். ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட வீடுகள் நிறைய. சில வருஷத்தில், "மங்கிப்போச்சு, பேர்த்துட்டுப் புதுசு போடணும்" என்பார்கள். நான் வங்கியில் இருந்தபோது வீடு பழுதுபார்க்கக் கடன் கேட்டு வருபவர்களின் மதிப்பீட்டில் தரைச் செலவு பெரிய தொகையாக நிற்கும். ஆனால் பெரும்பாலும் பளபளப்பு அழிந்திருக்காது. ஒரு படலத்துக்கு அடியில் மறைந்திருக்கும்.

ஏன் மங்குகிறது?

களிமண், ஃபெல்ட்ஸ்பார், மணல் சேர்த்து சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டதுதான் இந்த டைல்ஸ். குஜராத்தின் மோர்பியில்தான் நம் நாட்டின் பெரும்பகுதி தயாராகிறது. மேல்பரப்பை வைரத்தூள் கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்ளும். அழுக்கு அதில் தங்கும்.

நம்ம ஊர் போர் தண்ணீர் உப்பானது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகப் படியும். பினாயிலின் எண்ணெய்ப் பசை அதன்மேல் ஒட்டும். அப்புறம் வயலிலிருந்து காலோடு வரும் மணல். மணல் டைல்ஸைக் கீறும் அளவுக்குக் கெட்டியானது.

முதலில் சோதனை

ஒரு பங்கு வெள்ளை வினிகரில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மூலையில் ஒரு டைல்ஸில் மட்டும் தடவுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் தேயுங்கள். அந்த டைல்ஸ் மட்டும் மின்னினால் உங்கள் தரைக்குப் புது டைல்ஸ் தேவையில்லை.

செய்முறை

1. துணியால் அல்லது மென்மையான துடைப்பத்தால் மணலை முழுசாக எடுங்கள். மணலோடு தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

2. எண்ணெய்ப் பசைக்குப் பூந்திக்கொட்டை. பட்டு ஒரு புரத இழை, காரச் சோப்பு அதைக் கெடுக்கும் என்பதால் பட்டுச்சேலையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுவது பழைய வழக்கம். இதன் நுரை உப்புத் தண்ணீரோடு சேர்ந்து கசடு ஆகாது. கொட்டை நீக்கிய பத்துக் காய்களை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். 100 மில்லியை ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து துடைக்கலாம்.

3. உப்புப் படலத்துக்கு அதே வினிகர் கலவை, அல்லது நன்றாக வடிகட்டிய பழத்தோல் என்சைம், அதுவும் பத்துக்கு ஒன்று. தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய இந்த முறையில் வெல்லம் 1, எலுமிச்சை வகைத் தோல் 3, தண்ணீர் 10 பங்கு. பிளாஸ்டிக் கேனில் மூன்று மாதம் ஊறட்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். தரையில் காயவிடாமல், ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிட வேண்டும்.

4. இரண்டு முறை நல்ல தண்ணீரால் துடையுங்கள். கடைசி முறை மழைத்தண்ணீர் கிடைத்தால் விசேஷம். உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். தானாகக் காயவிட்டால் உப்புத்தடம் திரும்ப வரும்.

5. துளைகளில் தங்கிய கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்து மெதுவாகத் தேய்க்கலாம்.

கவனம்

வினிகரும் என்சைமும் கடப்பா கல், மார்பிள், மொசைக் தரைக்கு ஆகாது. சுண்ணாம்புச் சத்தைப் புளிப்பு தின்றுவிடும். கடை ஆசிட் டைல்ஸ் இடுக்கின் சிமெண்டை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டோ வினிகரோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து. ஆலையில் சும்மா கிடைக்கிற உமிச்சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா, அதைப் போட்டுத் தேய்க்காதீர்கள். மெழுகு பூசினால் வழுக்கும், வயசானவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்பு போச்சு.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் மீனுக்கு நஞ்சு. குட்டைக்கோ கிணற்றுக்கோ விடாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள். சோடா கரைத்த தண்ணீரைச் செடிக்கு விட வேண்டாம்.

அப்படியும் மின்னாவிட்டால்?

மீதியிருக்கும் உடைந்த டைல்ஸின் ஓரத்தைப் பாருங்கள். மேல்நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருந்தால், ஆள் வைத்து வைரப் பேடால் மறுமெருகு போடலாம். மேலே மெல்லிய கண்ணாடிப் பூச்சு மட்டும் என்றால் தேய்ந்தது தேய்ந்ததுதான். தேய்ந்த அந்த டைல்ஸை மட்டும் மாற்றினால் போதும்.

வாசலில் ஒரு சாக்குமிதி, பின்கட்டில் கால் கழுவ ஒரு தொட்டி. இந்த இரண்டும் இருந்தால் தரைக்கு ஆயுசு கூடும்.